கருத்துக்கணிப்பை நம்பி நாலரை லட்சம் போனது: ப்ராஜெக்ட் தொடங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுத் தொடங்குங்கள்

நேற்று ராத்திரி பூராவும் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், அதைத்தான் அந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தாரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போனது நாலரை லட்சம். என்னுடையது பாதி, என் தோழியுடையது பாதி. ஒரு கருத்துக்கணிப்பு ரிப்போர்ட்டை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆன்லைனில் ஆள் திரட்டி, சர்வே எடுத்து, கலர் கலராக வரைபடம் போட்டு ரிப்போர்ட் தரும் வகை நிறுவனம். அந்த வகையில் நிறைய இருக்கின்றன, நான் போய் விழுந்தது அதில் ஒன்றில்.

எங்கள் ப்ராஜெக்ட் இதுதான். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வேளாவேளைக்கு மருந்தை நினைவூட்டுவது, வாரம் ஒருமுறை ஆள் அனுப்பி நேரில் பார்த்துவிட்டு வருவது. மாதச் சந்தா. தொடங்கும் முன் நானும் தோழியும் உட்கார்ந்து ரிஸ்க் ரிஜிஸ்டர், அதாவது என்னென்ன தப்பாகப் போகலாம் என்ற பட்டியல், போட்டோம். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, நடந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண். முதல் வரியிலேயே எழுதியது: "யாரும் சேராமல் போகலாம்." வாய்ப்பு 4, பாதிப்பு 5, ஆக 20. சிவப்புக் கட்டம். அதைச் சரிபார்க்கத்தான் சர்வே எடுக்க முடிவு செய்தோம். அதுவரை நாங்கள் செய்தது எல்லாம் சரி.

நான் நம்பிய இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில்தான் நம்புவீர்கள். முதல் சந்திப்பில் அந்த நிறுவனத்தின் ஆள் என் கேள்வித்தாளைப் பொறுமையாகப் படித்தார். ஏழாவது கேள்வியில் பேனாவை வைத்தார். "சந்தா குறைவாகவும் சேவை நம்பகமாகவும் இருந்தால் சேருவீர்களா?" என்று கேட்டிருந்தேன். "மேடம், இது ஒரு கேள்வி இல்ல, ரெண்டு கேள்வி. சந்தா ஓகே, ஆனா நம்பிக்கை இல்லைன்னு நினைக்கிறவர் என்ன டிக் பண்ணுவார்?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் தப்பை எனக்கே காட்டிக்கொடுத்த மனிதர் ஏமாற்ற மாட்டார் என்று அந்த நிமிஷம் முடிவு கட்டிவிட்டேன். தொழில் தெரிந்தவர் என்பதும் நேர்மையானவர் என்பதும் வேறு வேறு என்று அப்போது தோன்றவே இல்லை.

அப்புறம் ஒரு எண் சொன்னார். "1,200 பேர்கிட்ட எடுத்தா பிழை வெறும் ±2.8 சதவீதம்தான்." வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 95 சதவீத உறுதிக்கான சூத்திரப்படி 0.98ஐ 1,200இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.028, அதாவது 2.8 சதவீதம், வருகிறது. கணக்குச் சரி. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் கணக்கு எப்போது செல்லும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாம் யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கிறோமோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் பட்டியலில் வருவதற்கு வாய்ப்பு இருந்து, அவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி ஆள் எடுத்தால்தான் அந்த ±2.8க்குப் பொருள். இவர்கள் செய்தது செல்போனில் லிங்க் அனுப்பி, பதில் சொன்னால் பாயின்ட் தருகிறோம் என்று வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டது. எங்கள் சேவையே ஆப் எல்லாம் பயன்படுத்தத் தெரியாத முதியவர்களுக்கு! அவர்களில் ஒருவர்கூட அந்த லிங்க்கைத் திறந்திருக்க முடியாது.

இது புதுசாக வந்த கோளாறும் இல்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். பெயர்களைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்பவர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அவை இரண்டும் வசதியானவர்களிடம்தான் அதிகம். போதாததற்கு, சீட்டு கிடைத்தவர்களில் நாலில் ஒருவர்தான் திருப்பி அனுப்பினார். அனுப்பாதவர்கள் மனதில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. அதைவிட மிகக் குறைவான ஆட்களிடம் கேட்டே, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் யார் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். இருபது லட்சம் பதிலே கவிழ்ந்திருக்கிறது. நான் 1,200ஐப் பார்த்து மயங்கியிருக்கிறேன்.

ரிப்போர்ட் வந்தது. "64 சதவீதம் பேர் நிச்சயம் சேருவோம் என்கிறார்கள்." நம்பகத்தன்மை ஆல்ஃபா 0.97 (அதிகபட்சமே 1தான்) என்று கொட்டை எழுத்தில். லேப்டாப்பில் அந்த ரிஸ்க் ரிஜிஸ்டரைத் திறந்து, வாய்ப்பு 4 என்று இருந்ததை அழித்து 1 என்று போட்டேன். 20 என்பது 5 ஆனது. கட்டம் சிவப்பிலிருந்து பச்சையானது. என் விரலால்தான் மாற்றினேன். அந்தப் பச்சையைக் காட்டித்தான் தோழியிடமும் பாதிப் பணத்தை வாங்கினேன்.

சர்வேக்குக் கொடுத்தது தொண்ணூறாயிரம். மீதி மென்பொருள், ஆட்களுக்குப் பயிற்சி, முதல் மூன்று மாதச் சம்பளம். மொத்தம் நாலரை லட்சம். சுமார் 300 வீடுகளுக்கு நேரில் போனோம். சேர்ந்தவர்கள் 11 பேர்.

அதற்குப் பிறகுதான் மூல டேட்டாவைக் கேட்டேன். "பிரைவசி மேடம், தர முடியாது." பெயரை எல்லாம் நீக்கிவிட்டுக் கொடுங்கள் என்றேன். "டேட்டா டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம்." இரண்டு வாரம். "சார் மீட்டிங்ல இருக்கார்." மறுபடி ஒரு வாரம். ஏழாவது முறை கேட்டபோது யாரோ ஒருவர் ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டார். விவரம் தெரியாமல் அனுப்பினாரா, மனசாட்சி உறுத்தி அனுப்பினாரா, தெரியாது. அவர் நன்றாக இருக்கட்டும்.

எக்செல்லைத் திறந்தேன். 28 கேள்விகள். நாங்கள் வீட்டில் எட்டுப் பேரிடம் சோதித்தபோது யாருக்கும் ஏழு நிமிஷத்துக்குக் குறையவில்லை. இங்கே பாதிக்கு மேல் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்திருக்கிறது. ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணிக்குள் மட்டும் 214 பதில்கள். 12ஆம் கேள்வி முதல் 21 வரை வரிசையாக 4, 4, 4, 4 என்று (4 என்றால் 'ஆமாம், ஒத்துக்கொள்கிறேன்') போட்ட வரிகள் 412. அதில் 17ஆவது கேள்வியை நான் வேண்டுமென்றே தலைகீழாக எழுதியிருந்தேன்: "இப்படி ஒரு சேவை எங்கள் வீட்டுக்குத் தேவையில்லை." தேவை என்பதற்கும் ஆமாம், தேவையில்லை என்பதற்கும் ஆமாம்! கடைசியில் சொந்த வார்த்தையில் எழுதும் கேள்வி. "மிகவும் பயனுல்லது" என்று ஒரு பதில். 'ள்ள' வர வேண்டிய இடத்தில் 'ல்ல'. கீழே போனால் மறுபடி "மிகவும் பயனுல்லது". தேடல் போட்டுப் பார்த்தேன். 37 பேர் அதே எழுத்துப்பிழையோடு, அதே இடத்தில் இரட்டை இடைவெளியோடு எழுதியிருக்கிறார்கள். 37 வெவ்வேறு மனிதர்களாம். கை நடுங்கிவிட்டது.

அந்த 0.97 எப்படி வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1951இல் லீ க்ரான்பாக் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய அளவுகோல் அது. கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் எல்லாம் 4, இன்னொருவர் எல்லாம் 5, மற்றொருவர் எல்லாம் 3 என்று போட்டால் ஆல்ஃபா ஜம்மென்று ஏறும். நாம் அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பதை அது சொல்லவே சொல்லாது. அவ்வளவு உயர்ந்த எண் வந்தால் முதலில் சந்தேகம்தான் வந்திருக்க வேண்டும். நான் அதை ரிப்போர்ட்டின் தரச் சான்றிதழ் மாதிரி படித்தேன்.

எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "ஆன்லைன் சர்வேல இதெல்லாம் சகஜம்." இரண்டாவது: "உங்க கேள்வித்தாள்தான் நீளம், அதான் வேகமா போட்டிருக்காங்க." மூன்றாவது: "ரிப்போர்ட்டை ஏத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." நான்காவதுதான் நெஞ்சைக் கிழித்தது. அடுத்த சர்வேயில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். நாலரை லட்சத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறவளிடம்! ஏழாவது கேள்வியில் பேனாவை வைத்தாரே, அந்த மனிதர் இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை. நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்தால் இவ்வளவுதான் வருகிறது, மன்னியுங்கள். மூல டேட்டா தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் ஒரு பைசா தராதீர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டும் அதில் இருக்க வேண்டும். பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள், கடைசித் தவணை நீங்கள் டேட்டாவைப் பார்த்த பிறகு. யாரிடம் கேட்டீர்கள், எத்தனை பேரை அழைத்ததில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். "சேருவேன்" என்ற பதில் உண்மையாகவே வந்திருந்தாலும் அது வாய்வார்த்தைதான், சந்தா கட்டுவது வேறு. முதலில் இருபது வீட்டில் காசு வாங்கிக்கொண்டு நடத்திப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்திருந்தால் ஒரே மாதத்தில் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. ரிஸ்க் ரிஜிஸ்டரில் எந்த ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறீர்களோ, "அந்த ரிப்போர்ட் பொய்யாக இருக்கலாம்" என்று அடுத்த வரியில் எழுதி அதற்கும் மதிப்பெண் போடுங்கள். எங்கள் பட்டியலில் 23 வரிகள் இருந்தன. அந்த வரி இல்லை.

இந்த மாதிரி நிறுவனத்திடம் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தோழியின் பாதியையாவது எப்படியும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.