புல்ஸ்ஐ தகடுகள்: கரையோரம் பிரமாதம், நுரைக்குத்தான் பாடு

கடற்கரைக் காட்சியைக் கண்ணாடிப் பலகையாகச் செய்ய, நீலம் எந்தக் கம்பெனிக் கண்ணாடியிலும் கிடைக்கும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974-இல் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்தின் ஃபியூஸிங் (சூளையில் உருக்கி ஒட்டும்) தகடுகளைத் தேடி வாங்குவதற்குக் காரணம், அலை மணலைத் தொட்டுத் திரும்பும் அந்த ஈரக்கோடு.

'டர்க்காய்ஸ் ப்ளூ' என்ற நீலத் தகட்டில் செம்பு இருக்கிறது. 'பிரெஞ்ச் வெனிலா' என்ற வெளிர்நிறத் தகட்டில் கந்தகம். இரண்டும் ஒட்டி உருகினால் சேருமிடத்தில் கரும்பழுப்புக் கோடு தானாக விழும். தகட்டோடு தகடு வைத்தால் கோடு மெல்லியதாக வரும். வெனிலாப் பொடியைச் சலித்துத் தூவினால் கறை கலங்கிப் பரவும். கரையோரத்துக்கு அதுதான் அழகு. பொடியைத் தொடும்போது முகமூடி கட்டாயம்.

அடியில் 3 மி.மீ. டெக்டா தெளிகண்ணாடி, மேலே 3 மி.மீ. வண்ணத் தகடு. உருகிய கண்ணாடி 6 மி.மீ. கனத்தில்தான் நிலைகொள்ளும், ஒற்றைத் தகடாகச் சுட்டால் ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு முள்முள்ளாக நிற்கும். 660 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் நிறுத்தினால் இடையில் சிக்கிய காற்று வெளியேறும். பிறகு 804 டிகிரியில் 10 நிமிடம். அடுத்து 482-க்கு இறக்கி ஒரு மணி நேரம் அனீலிங், அதாவது உள்ளே தங்கும் இழுவிசை தீர அதே சூட்டில் நிறுத்துவது. அதிலிருந்து 427 வரை மணிக்கு 83 டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது.

சீறும் அலைக்குத்தான் பாடு அதிகம். வெள்ளைப் பொடியை முழுச்சூட்டில் விட்டால் பால் கொட்டியதுபோல் தட்டையாகிவிடும். நுரைக்குக் கரடான வெள்ளை ஃப்ரிட்டையும் (கண்ணாடிக் குருணை) தெளிந்த ஃப்ரிட்டையும் கலந்து, இரண்டாவது சூட்டில் 740 டிகிரி வாக்கில் 10 நிமிடம் மட்டும் வையுங்கள். குருணையின் விளிம்பு மழுங்கும், மேடு கரையாது. 700-க்கும் 760-க்கும் இடையில் அதிக நேரம் நின்றால் மேற்பரப்பில் படிகம் கட்டி மங்கிவிடும். அச்சில் வளைப்பது கடைசியில், 650 டிகிரியை ஒட்டி.

விரிசல் வருவது பெரும்பாலும் இந்த மேடுபள்ளத்தால்தான். கனமான இடம் தாமதமாக ஆறும், மெல்லிய இடம் முந்திக்கொள்ளும், இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். அதனால் மிகக் கனமான இடத்தை அளந்து, அதைப்போல் இரு மடங்கு கனத்துக்குரிய அட்டவணைப்படி ஆறவிடுங்கள். 6 மி.மீ.க்கான அட்டவணை நுரை ஏற்றிய பலகைக்குப் போதாது.

'ரியாக்டிவ் ஐஸ்' வகையை மணலுக்கு வாங்க வேண்டாம். டர்க்காய்ஸோடு சேர்ந்தால் அது சிவப்பேறும். கடற்கரைக்கு ஒட்டவே ஒட்டாது. கையிலிருக்கும் ஜன்னல் கண்ணாடித் துண்டையோ சி.ஓ.இ. (சூட்டில் விரியும் அளவைக் காட்டும் எண்) 96 உள்ள தகட்டையோ இவற்றோடு கலக்கவும் கூடாது. புல்ஸ்ஐ 90 வகை. சுருங்கும் அளவு வேறுபடுவதால் சூளையில் தப்பினாலும் பிறகு ஒருநாள் கீறிவிடும்.