முகச் சிவப்புக்கு அசெலாயிக் ஆசிட் 15% ஜெல் - அஞ்சு மாசம் போட்டுப் பார்த்துட்டு எழுதுறேன்

இந்த ஜெல்லை காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவைன்னு அஞ்சு மாசமா போட்டுட்டு வர்றேன். மூணாவது வாரத்துல இதை எழுத உக்காந்திருந்தா கண்டிப்பா வாங்காதீங்கன்னுதான் எழுதியிருப்பேன், அதனாலதான் இவ்ளோ நாள் பொறுத்திருந்தேன்.

எனக்கு ரெண்டு கன்னம், மூக்கு, நெத்தி நடுவுல எல்லாம் திடீர்னு சூடேறும், அப்படியே அனலடிக்கும், கூடவே சின்னச் சின்ன பொரி மாதிரி கிளம்பும். நான் மாநிறம், அதனால சிவப்பு பளிச்சுன்னு தெரியாது, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மாதிரி இருக்கும், பாக்குறவங்க வெயில்ல கருத்துட்டேன்னு நெனச்சாங்க. நான் பருன்னு நெனச்சேன். சாலிசிலிக் ஆசிட், பென்சாயில் பெராக்சைடு, ஸ்க்ரப்னு பருவுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் முகத்துல தேச்சேன், கடைசில வெறும் தண்ணி பட்டாலே எரியுற நிலைமைக்கு வந்துடுச்சு.

அந்த நேரத்துலதான் தெரிஞ்சவங்க ஒருத்தர் ஒரு க்ரீம் குடுத்தாங்க. மூணே நாள்ல முகம் தெளிஞ்சிருச்சு, அவ்ளோ சந்தோஷப்பட்டேன். நிறுத்தினதும் முன்னாடி இருந்ததை விட ரெண்டு மடங்கா திரும்ப வந்துச்சு, அப்புறம்தான் ட்யூபைத் திருப்பிப் படிச்சேன், உள்ள ஸ்டீராய்டு. தயவு செஞ்சு உங்க முகத்துல போடுற க்ரீமோட பின்பக்கத்தை ஒரு தடவை படிங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் மாதிரி பேர் இருந்தா அது ஸ்டீராய்டு, டாக்டர் சொல்லாம முகத்துல வாரக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு போயி அதுவே இந்த சிவப்பைக் கொண்டு வந்துடும். ஏற்கனவே ரொம்ப நாளா போட்டுட்டு இருக்கீங்கன்னா திடீர்னு நிறுத்தினாலும் பயங்கரமா கிளம்பும், எப்படிக் குறைக்கணும்னு தோல் டாக்டர்கிட்ட கேட்டே செய்யுங்க.

எனக்கு டாக்டர் சொன்னது ரொசேசியா, அதாவது முகம் அடிக்கடி சிவந்து சூடேறி பொரி கிளம்புற ஒரு தோல் நோய். பருவோட இதைக் குழப்பிக்கிறது ரொம்ப சகஜமாம், ஆனா இதுல பிளாக்ஹெட் வராது, என் முகத்துல கெளறிப் பார்த்தாலும் ஒண்ணு கூட இல்ல. உடனே ஜெல் குடுக்கல. முதல்ல ஒரு மாசம் நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத செராமைடு (தோலோட மேல் காப்புல இருக்குற ஒரு வகை கொழுப்பு) மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு இருக்குற சன்ஸ்கிரீன், இந்த மூணு மட்டும், வேற எதையும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. சோப்பு காரம், நம்ம தோலோ லேசா அமிலத் தன்மை உள்ளது, அதனால சோப்பு போடப் போட தோலோட மேல் காப்பு இன்னும் கெட்டுப் போகுமாம். ஜெல் வேலை செஞ்சதுக்குப் பாதிக் காரணம் அந்த ஒரு மாசம்னு நான் உறுதியா நம்புறேன். புண்ணா இருக்குற தோல்ல நேரா இதைப் போட்டிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது.

இப்ப ஜெல்லுக்கு வர்றேன். ஆசிட்னு பேரைப் பார்த்து பயப்பட வேணாம், நம்ம தோல்ல இருக்குற ஒரு வகை ஈஸ்ட்டே இதைக் கொஞ்சம் உண்டாக்குது, கோதுமை, பார்லிலயும் இருக்கு. அமெரிக்காவுல ரொசேசியாவுக்குன்னே 2002ல இந்த 15% ஜெல்லுக்கு அனுமதி குடுத்திருக்காங்க. ரொசேசியா உள்ளவங்க தோல்ல கேத்தலிசிடின்னு ஒரு புரதம் அளவுக்கு மீறி வேலை செஞ்சு அழற்சியைக் கிளப்புது, இந்த ஜெல் அதை அடக்குது. சுண்டுவிரல் நகம் அளவு எடுத்தா முகம் முழுக்கப் போதும்.

ஆனா அரிக்கும். போட்டு ரெண்டு நிமிஷத்துல எறும்பு ஊர்ற மாதிரி ஆரம்பிச்சு சுருக் சுருக்னு குத்தும், ஒரு கால் மணி நேரம் அப்படியே இருந்துட்டு தானா அடங்கும். முதல் மூணு வாரம் எனக்கு தினமும் இதான், ரெண்டு தடவை கழுவிட்டு வந்துட்டேன். அப்புறம் முதல்ல மாய்ஸ்சரைசர், அது நல்லா காஞ்சதும் மேல ஜெல், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு மாத்தினேன், குத்தல் பாதியாச்சு. ஒரு மாசம் கழிச்சு தினமும் ரெண்டு வேளைக்கு வந்தேன். அரிப்பு வேற, எரிஞ்சு வீங்குறது வேற, வீங்கினாலோ தோல் உரிஞ்சு வந்தாலோ நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

பொரி எல்லாம் ஆறாவது வாரத்துல குறைய ஆரம்பிச்சு மூணாவது மாசம் முடியுறப்ப கிட்டத்தட்ட போயிடுச்சு. அது விட்டுட்டுப் போன கரும் தழும்பும் மங்கிடுச்சு, நான் எதிர்பார்க்காத நல்லது அது. நிரந்தரமா இருந்த சிவப்பு பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. மூக்கு ஓரத்துல நூல் மாதிரி தெரியுற ரத்தக் குழாய் மட்டும் அப்படியேதான் இருக்கு, அது எந்த க்ரீமுக்கும் போகாது, லேசர்தான் வழின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வெயில்ல நின்னாலோ கோவப்பட்டாலோ சூடா குடிச்சாலோ குப்புன்னு ஏறுறதும் இன்னும் இருக்கு, முன்னாடி மணிக்கணக்கா நிக்கும், இப்ப சீக்கிரம் இறங்கிடுது.

குறைன்னு சொன்னா, காலைல இதுக்கு மேல சன்ஸ்கிரீன் போட்டா அழுக்கு உருட்டுற மாதிரி திரி திரியா வருது. பத்து நிமிஷம் காய விட்டுட்டு தேய்க்காம ஒத்தி ஒத்தி போட்டா வராது, ஆனா அவசரமா கிளம்புற நாள்ல அந்தப் பத்து நிமிஷம் கஷ்டம்தான்.

கண்ணுலயும் மணல் விழுந்த மாதிரி உறுத்தி சிவந்திருந்தா இந்த ஜெல்லோட நிக்காதீங்க, ரொசேசியா கண்ணையும் பிடிக்கும், கண் டாக்டரையும் பாக்கணும். நான் மூணாவது ட்யூபைத் திறந்துட்டேன், டாக்டர் இனிமே ஒரு வேளை போட்டாப் போதும்னு சொல்லியிருக்காங்க.