தையல் லைனுக்கு எந்தப் பெட்டி: ராஸ்பெரி பையா, பழைய தின் கிளையண்டா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஒவ்வொரு தையல் லைனிலும் ஒரு திரை வைக்க வேண்டியிருந்தது. பண்டல் சீட்டை ஸ்கேன் செய்தால் எத்தனை பீஸ் முடிந்தது என்று பதிவாக வேண்டும். லினக்ஸில் குரோமியம் பிரவுசர் முழுத்திரையில் ஓடினால் போதும்.

ஆபீசில் ஓரங்கட்டிய டெஸ்க்டாப்களைத்தான் முதலில் எல்லாரும் கைகாட்டுவார்கள். வேண்டாம். ஃபேன் பஞ்சுத் தூசியை உள்ளே இழுத்து, ஹீட்சிங்க் மேல் மெத்தைபோல் படிய வைத்துவிடும். ஃபேன் இல்லாத பெட்டிதான் இங்கே தாங்கும். ஆக மிஞ்சுவது இரண்டு: ஒரே சர்க்யூட் போர்டில் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை 4, அல்லது செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் டெல் வைஸ் 5070 மாதிரி தின் கிளையண்ட், அதாவது சர்வரை நம்பி ஓடுவதற்கென்றே செய்த சின்ன ஆபீஸ் கம்ப்யூட்டர்.

பை கைக்கு அடக்கமானது. 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போதும், திரைக்குப் பின்னாலேயே ஒட்டிவிடலாம். ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் லைன் மெயினை அப்படியே அணைத்துவிடுவார்கள். யாரும் நின்று ஷட்டவுன் செய்யப்போவதில்லை, செய்யச் சொல்வதும் நியாயமில்லை. பையின் லினக்ஸ் இருப்பது எஸ்டி கார்டில்; எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அது கெட்டுப்போகலாம். பையின் செட்டிங்ஸ் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில், கார்டில் எதையும் எழுதவிடாத ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டால் கார்டு தப்பிக்கும்; எழுதுவதெல்லாம் ராம் மெமரியில் மட்டும் நின்று, கரண்ட் போனதும் அழிந்துவிடும்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பை 4-இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கடைசி நேரத்தைக் கார்டில் குறித்துவைத்துத்தான் சமாளிக்கும். ஓவர்லே வந்தபின் அந்தக் குறிப்பும் தங்காது. காலையில் எழும்போது, ஓவர்லே போட்ட அன்றைய தேதியே காட்டும். நெட்வொர்க் வரத் தாமதமானால் முதல் சில பண்டல்கள் போன மாதக் கணக்கில் ஏறிவிடும். பீஸ் ரேட்டில் சம்பளம் வாங்குகிற அக்காவுக்கு அது அரை நாள் அலைச்சல். நேரத்தை சர்வரிலேயே பதியுங்கள், இல்லையென்றால் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் மாட்டுங்கள்.

தின் கிளையண்டில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. எஸ்எஸ்டி போடலாம். பயாஸில் (பெட்டி எழும்போது வரும் அடிப்படை செட்டிங்ஸ்) ஏசி ரெக்கவரியை ‘பவர் ஆன்’ என்று வைத்துவிட்டால் மெயின் போட்டதும் தானே எழும். பழைய பெட்டி என்பதால் கடிகாரத்துக்கான சிஆர்2032 பட்டன் பேட்டரியை முதல் நாளே மாற்றிவிடுங்கள். டெபியன் லினக்ஸும், ஒரே ஆப்பை முழுத்திரையில் ஓட்டும் கேஜும் போதும். இன்னும் சுலபமாக வேண்டுமென்றால், பிரவுசர் மட்டும் ஓடும் லினக்ஸான போர்டியஸ் கியாஸ்க் இருக்கிறது, ஆனால் அது பையில் ஓடாது.

கேஸ், அடாப்டர், கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் என்று கூட்டினால் பையின் விலையும் கிட்டத்தட்ட பழைய தின் கிளையண்டின் விலைக்கே வந்து நிற்கிறது. அதனால் லைன்களுக்குத் தின் கிளையண்டையே வைத்தேன். கோளாறு விளக்கை நேரடியாக ஏற்றி அணைக்க, பையின் போர்டில் வயர் மாட்டும் ஜிபிஐஓ பின்கள் தேவைப்பட்ட ஒரே இடத்தில் மட்டும் பை, கடிகார மாட்யூலோடு.