மூன்று பல்சக்கரமா, ஒற்றைப் பல்சக்கரமா: மலைச்சாலைக்கு எந்தக் கியர்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கியர் சைக்கிள் வாங்க நினைப்பவர், முன்னால் பெடல் அருகே மூன்றும், பின்சக்கரத்தில் ஏழுமாகப் பல்சக்கரங்கள் கொண்ட 21 கியர் வண்டிக்கும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்பதும் கொண்ட வண்டிக்கும் இடையே தடுமாறுவது இயல்பு. 21 என்ற எண் கவர்ச்சியானதுதான். ஆனால் அதில் பாதி ஒன்றையொன்று ஒத்த கியர்கள்.

கணக்கைப் பார்ப்போம். முன்னால் 42, 34, 24 பற்களும் பின்னால் 14 முதல் 28 வரையும் உள்ள வண்டியில், பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் குறைந்தது 0.86 சுற்றும், அதிகபட்சம் 3 சுற்றும் சுற்றும். முன்னால் 32, பின்னால் 11 முதல் 42 என்றால் அதே கணக்கு 0.76, 2.91 என்று வரும். குறைந்தபட்சச் சுற்று எவ்வளவு சிறிதோ, ஏற்றத்தில் கால் அவ்வளவு குறைவாக அழுத்தினால் போதும் என்பதால், ஏற்றத்துக்கு இரண்டாவதே இலகு. சமதளத்து வேகத்தில் பெரிய இழப்பு இல்லை.

உண்மையான வேறுபாடு கியர் மாற்றும்போதுதான் தெரியும். ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும்போது, வளைவு தாண்டியதும் சாலை சட்டென்று நிமிர்ந்தால், மூன்று பல்சக்கர வண்டிக்காரர் முன்பக்கச் செயினைச் சின்னதற்கு இறக்கியாக வேண்டும். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவிதான் மாற்றி. முன்பக்கத்து மாற்றி தள்ளுவது, காலின் முழு விசையும் இழுத்துப் பிடித்திருக்கும் மேல்பக்கச் செயினை. அதனால் அது அசைய மறுக்கும், அல்லது ஒரேயடியாகக் கழன்று விழும். பின்பக்கத்து மாற்றி தளர்ந்திருக்கும் கீழ்ப்பக்கச் செயினை நகர்த்துவதால், பெடலைச் சுற்றிக்கொண்டே அழுத்தத்தை அரை நொடி குறைத்தாலே போதும், கியர் சத்தமின்றி ஏறிவிடும். ஆகவே மூன்று பல்சக்கர வண்டியில் ஏற்றம் தொடங்கும் முன்பே முன்பக்கத்தை மாற்றிவிட வேண்டும். ஒற்றையில் ஏற்றத்தின் நடுவிலும் சமாளிக்கலாம்.

பின்பக்கத்தைச் சரிசெய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றே. செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், மாற்றிக்குள் கேபிள் நுழையும் இடத்துக் குமிழை, வண்டியின் பின்னால் நின்று பார்க்கையில் இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருக வேண்டும். சின்னதற்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. செயின் ஆரக்கம்பிக்குள் விழுந்தால் அது குமிழின் வேலையன்று, மாற்றி எவ்வளவு தூரம் நகரலாம் என்று கட்டுப்படுத்தும் எல்லைத் திருகின் வேலை. மூன்று பல்சக்கர வண்டியில் இவற்றோடு செயினைத் தள்ளும் முன்பக்க மாற்றியின் கூண்டையும் பெரிய பல்சக்கரத்துக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில் நிறுத்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுவே.

ஒற்றைக்கும் குறை உண்டு. ஒன்பது பல்சக்கரங்கள் நெருங்கி நிற்பதால், வண்டி வலப்பக்கம் விழுந்து மாற்றி தொங்கும் கொக்கி சற்றே கோணினாலும் கியர் தடுமாறத் தொடங்கும். ஏழு பல்சக்கரம் அந்தக் கோணலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உதிரிபாகத்தின் விலையும் கூடுதல். காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போய்வரும் அளவுக்கு, முன்பக்கத்தை நடுப் பல்சக்கரத்திலேயே விட்டுவைத்து ஓட்டும் 21 கியர் வண்டி தாராளம். அஞ்செட்டி, மேலுமலை என்று ஏறுபவருக்கு ஒற்றையே என் தேர்வு. ஆனால் முன்னால் 38, பின்னால் வெறும் 28 வரை என்று விற்கும் மலிவான ஒற்றை வண்டி 1.36-க்குக் கீழே இறங்காது என்பதால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பற்களை எண்ணிவிடுவது நல்லது.