கோத்தகிரி வீட்டில் கைப்பிடிக் கம்பிகள்: மூன்று வருட அனுபவம்

அம்மாவுக்கு 78 வயது. கோத்தகிரியில் எங்கள் வீடு சாலைக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. வாசலுக்கு 28 படி இறங்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் பாசி பிடித்த படியில் அம்மா வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு மாதம் வாசலைத் தாண்டவே பயந்தார். "கோயம்புத்தூருக்கு வந்துருங்கம்மா" என்றேன். "அந்த வெக்கைல எனக்கு மூச்சு முட்டும் கண்ணு" என்றார். சரி, வீட்டைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் வாங்கியது சுவரில் ஒட்டும் ரப்பர் கப் பிடி. அதை யாரும் வாங்காதீர்கள். குளியலறை ஈரத்தில் மூன்றாம் நாளே கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, பிடித்து இழுத்துப் பார்த்தது நான். அப்புறம் துருப்பிடிக்காத 304 கிரேடு ஸ்டீல் கம்பி, 32 மி.மீ. தடிமன், சுவருக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டினோம். குளியலறை செங்கல் சுவர், நின்றது. பின்னால் கட்டிய கழிப்பறை ஹாலோ பிளாக். உள்ளே வெறும் ஓட்டை, போல்ட் பிடிக்க எதுவும் இல்லை. மேஸ்திரி அந்த இடத்தை உடைத்து கான்கிரீட் நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, அதற்கப்புறம்தான் துளை போட்டார். இன்றுவரை அசையவில்லை.

வெளிப்படிக்கும் அதே ஸ்டீல் கம்பியைப் போட்டதுதான் நாங்கள் செய்த தவறு. மார்கழிக் காலையில் அதைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். அம்மா கம்பியை விட்டுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார். நைலான் கயிறு சுற்றினோம். அடுத்த மழையில் அதிலும் பாசி. கடைசியில் பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக அறுத்து இறுக்கிச் சுற்றினோம். குளிரவில்லை, ஈரத்திலும் வழுக்கவில்லை. இரண்டு வருடமாக அதுதான். வெயில் படும் பக்கம் வெடித்தால் புதிதாகச் சுற்றுகிறோம்.

சாய்தளம் போடலாமே என்று பலர் கேட்டார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. எங்கள் 28 படி சுமார் 5 மீட்டர் உயரம், அப்படியானால் 60 மீட்டர் சாய்தளம். இந்தச் சரிவில் அதற்கு இடம் ஏது? பதிலுக்குப் பதினாலாம் படியில் ஒரு சின்னத் திண்ணை கட்டினோம். செலவு செய்ததிலேயே மிக நல்ல செலவு அது. அம்மா மூச்சு வாங்க உட்காரத் தொடங்கி, இப்போது அங்கேயே கீரை ஆய்கிறார்.

ராத்திரிக்கு ஆள் நடந்தால் எரியும் விளக்கு, பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மரம் விழுந்தால் இங்கே கரண்ட் போய்விடும். குளியலறைக்குள் இருந்த கேஸ் கீசரையும் கழற்றிவிட்டோம். குளிருக்கு ஜன்னலை அடைத்துக் குளிப்பவர்கள் வீட்டில் அது ஆபத்து. கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

சக்கர நாற்காலி தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், ஏறக்குறைய வாசல் மட்டத்திலேயே தேயிலைத் தோட்டத்து ஜீப் பாதை ஒன்று போகிறது. அதில் வந்து போக அனுமதி கேட்டிருக்கிறோம்.