வேன் செல்ஃப் எடுக்கவில்லையா? மீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரி மாற்ற விடாதீர்கள்

வேன் வைத்துப் பிழைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். திண்டுக்கல் பக்கம் பைபாஸ் ஓர ஷெட் ஒன்றில், நன்றாக இருந்த பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினார்கள். அப்புறம் என் வண்டியின் செல்ஃப் மோட்டாருக்கே பெயின்ட் அடித்து, புது மோட்டார் என்று என் தலையில் கட்டினார்கள். பேட்டரி 4,900, மோட்டார் 4,600, கூலி 1,200 என்று மொத்தம் 10,700 ரூபாய் போனது. கோளாறு இரண்டிலும் இல்லை.

என்னுடையது பழைய பெட்ரோல் வேன். விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஹெட்லைட் கொஞ்சமும் மங்காமல் பளிச்சென்று எரிந்தது. அந்த ஷெட்டிலிருந்து வந்த மெக்கானிக்கிடம் அதையும் சொன்னேன். அவர் கையில் வோல்ட் அளக்கும் மீட்டரே இல்லை. "பேட்டரி செத்துப்போச்சுண்ணே" என்று சொல்லி மாற்றினார். வண்டி எடுத்தது. வாரண்டி முடியாத பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

சில நாளில் மறுபடி அதே 'டக்'. இந்த முறை செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்றார்கள். அதையும் மாற்றியதாகச் சொல்லி வண்டியைக் கொடுத்தார்கள். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள்.

அடுத்து மார்க்கெட் வாசலிலேயே, தக்காளி லோடோடு வண்டி நின்றது. பக்கத்துக் கடை ஆட்டோ எலக்ட்ரீஷியன், வயதான மனிதர், வந்து முதலில் பேட்டரியில் மீட்டர் வைத்தார். 12.6 வோல்ட், முழு சார்ஜ். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து, "சாவியத் திருப்புங்க தம்பி" என்றார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது நாலு வோல்ட்டைத் தாண்டியது. உடனே ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து நெகட்டிவ்விலிருந்து நேராக இன்ஜினுக்குக் கொடுத்தார். வண்டி சட்டென்று பிடித்துக்கொண்டது.

இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவே தனியாக ஒரு எர்த் பட்டை போகும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் அவ்வளவு கரண்டும் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். என் வண்டியில் அந்தப் பட்டையின் முனை பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து, போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிர்வில் ஒட்டினால் வண்டி எடுக்கும், விலகினால் எடுக்காது. புது பேட்டரி போட்ட அன்று எடுத்ததும் அதனால்தான். ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியிலேயே கிடைத்துவிடுவதால் அது மங்கவில்லை.

பட்டையை மாற்றி, போல்ட் இடத்தை எமரித்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினார். எல்லாம் சேர்த்து 350 ரூபாய். அப்படியே என் 'புது' மோட்டாரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். வெள்ளிப் பெயின்ட் உரிந்து, கீழே பழைய துரு தெரிந்தது. வயிறு எரிந்துவிட்டது.

அவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால், அல்லது 'டகடக'வென்று அடித்தால், பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் டெர்மினல் பூத்திருக்கும். டெர்மினலை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து முறுக்கிப் பார்த்த பிறகே பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். வெளிச்சம் அப்படியே இருந்து சத்தமே வராவிட்டால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் பக்கம் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல் வண்டியில் பம்ப், பிளக், காயில் என்று தேட வேண்டும். டீசல் வண்டியென்றால் ஃபில்டரில் தண்ணீர், லைனில் ஏர், ஹீட்டர் பிளக். பேட்டரி அடிக்கடி இறங்கினால் வண்டி ஓடும்போது அளக்கச் சொல்லுங்கள். சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்காமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் வீண்தான்.

எந்தப் பொருளை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரிக்கு உள்ளே இருக்கும் ஈயத்துக்காகவே நல்ல விலை உண்டு, கொடுப்பதாக இருந்தால் பில்லில் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதின் சீரியல் நம்பர், தேதியோடு வாரண்டி கார்டு கையில் இருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்கோ வேலைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஷெட்டுக்குப் போய் மோட்டாரைக் காட்டிக் கேட்டேன். "நாங்க போட்டது புதுசுதான்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள், பழைய பேட்டரியும் விற்றாகிவிட்டதாம். துண்டுச் சீட்டையும் சுரண்டிய மோட்டாரின் படங்களையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன்.