எஞ்சினில் டிக் டிக்: இன்ஜெக்டரா, டேப்பெட்டா, எக்ஸாஸ்டா, பேரிங்கா?

கொங்கு நாட்டில் வேகமான கார்களுக்கும் குறைவில்லை, காது கூர்மையான மெக்கானிக்குகளுக்கும் குறைவில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் காரை விரட்டுகிறவர்களும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் டர்போ காரை ஏற்றுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆனாலும் எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டுவிட்டால், பட்டறையில் முதலில் வரும் யோசனை "ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாமுங்க" என்பதாகவே இருக்கிறது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் கை வைக்கும் முன் நான்கு பேரை விசாரிக்க வேண்டும்: பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வால்வைத் தள்ளும் டேப்பெட், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங். சத்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதே துப்புக் கொடுக்கும்.

இன்ஜெக்டரை முதலிலேயே விடுதலை செய்துவிடலாம். பழைய எஞ்சின்களில் பெட்ரோல் மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் இன்டேக் பாதையில் தெளிக்கப்பட்டது. ஸ்லேவியா 1.5 டிஎஸ்ஐ, ஐ20 என் லைன் போன்ற நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் அது 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. இன்ஜெக்டரின் ஊசி மில்லி விநாடிகளில் திறந்து மூடுகிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் இயக்கும் உயர் அழுத்த பம்பும் தன் பங்குக்குத் தட்டுகிறது. இரண்டும் சேர்ந்து தையல் மெஷின் ஓடுவதுபோல் மெல்லிய, வறண்ட, சீரான சத்தம் கொடுக்கும். குளிர்ந்த எஞ்சினில் முதல் ஒரு நிமிடம் கூடுதலாகக் கேட்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கப் பெட்ரோலைப் பிரித்துத் தெளிப்பதால் அப்படி. பானெட்டைத் திறந்தால் கேட்டு, கண்ணாடியை ஏற்றி உள்ளே உட்கார்ந்தால் கேட்கவில்லை என்றால் கவலை வேண்டாம். ஒரு சிலிண்டரின் சத்தம் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால்தான் பார்க்க வேண்டும்.

உண்மையான போட்டி டேப்பெட்டுக்கும் எக்ஸாஸ்ட் கசிவுக்கும் இடையில்தான். தேர்ந்த காதுகளே இங்கு ஏமாறும். ஐட்லிங்கில் 800 ஆர்.பி.எம். என்றால் கேம்ஷாஃப்ட் பாதி வேகத்தில், நிமிடத்துக்கு 400 முறை சுற்றுகிறது. ஒரு டேப்பெட் தட்டுவதும் அத்தனை முறைதான். ஒரு சிலிண்டர் புகை தள்ளுவதும் அதே 400 முறை. ஆகவே தாளம் ஒன்று. இரண்டும் காலையில் குளிரில் கேட்டு, சூடானதும் அடங்கவும் கூடும்.

காரணங்கள் வேறு. ஹைட்ராலிக் டேப்பெட் ஆயில் அழுத்தத்தால் நிரம்பி இடைவெளியை அடைக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்த சில விநாடிகள் தட்டிவிட்டு நின்றால் அது இயல்பு. நிமிடக்கணக்கில் தட்டினால் ஆயில் அளவு, கிரேடு, ஃபில்டரில் ஆயிலைத் தேக்கி வைக்கும் ரப்பர் வால்வு என்ற வரிசையில் பாருங்கள். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ, அதை இறுக்கும் ஒரு ஸ்டட் முறிந்தோ கேஸ்கெட் எரிந்தோ புகை பிதுங்குகிறது. இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும். கிரைஸ்லரின் ஹெமி வி8 எஞ்சினில் இந்த இரண்டு நோயும் உண்டு. மேனிஃபோல்ட் போல்ட் முறிவதும் சரி, டேப்பெட்டின் உருளை தேய்ந்து கேம்ஷாஃப்டைத் தின்பதும் சரி, இரண்டுக்கும் 'ஹெமி டிக்' என்றே பெயர். முன்னதற்கு ஒரு போல்ட்டும் கேஸ்கெட்டும் போதும். பின்னதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

பிரித்தறிய ஒரு முழம் ரப்பர் குழாய் போதும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்ட் இணைப்பு நெடுகத் தொடாமல் நகர்த்துங்கள். கசியும் இடத்தில் டிக் சத்தம் 'புஸ் புஸ்' என்று காற்றாக மாறிக் காதில் அடிக்கும். அங்கே கரிக்கோடும் தெரியும். டேப்பெட் சத்தம் காற்றில் அல்ல, இரும்பின் வழியே வரும். வால்வு கவரில் நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்தால் எந்த சிலிண்டர் என்பதுகூடப் பிடிபடும். இன்னொரு சோதனை ஏற்றம். சுமை ஏறும்போது கசிவுச் சத்தம் பெரிதாகும். டேப்பெட் சுமையைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, ஆர்.பி.எம்மை மட்டுமே பின்தொடரும். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறும்போது மட்டும் சலசலவென்று கேட்டு, ஐட்லிங்கில் மௌனமாக இருந்தால் இவை இரண்டுமே இல்லை. அது எஞ்சின் நாக், அதாவது பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிப்பது. கார் கேட்பதைவிட ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றியிருக்கலாம்.

ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் டேப்பெட் இடைவெளியைக் கையால்தான் அளந்து வைக்க வேண்டும். அங்கே லேசாகத் தட்டுகிற டேப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டேப்பெட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். வால்வு உட்காரும் சீட் தேயத் தேய இடைவெளி இறுகிச் சத்தம் குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். கேஸில் ஓடும் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பேரிங் மற்ற மூவருக்கும் நேர் எதிர். குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் ஒளிந்துகொள்ளும். சூடேறி ஆயில் இளகியதும் வெளியே வரும். தொடக்கத்தில் மெல்லிய டிக். நாளாக நாளாக அடிவயிற்றிலிருந்து வரும் 'டொக்'. ரேஸ் டிராக்கில் நீண்ட வளைவில் ஆயில், எஞ்சினுக்கு அடியிலுள்ள தொட்டியான சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிய சில விநாடிகளே இதற்குப் போதும். பிஎம்டபிள்யூ எம்3யின் எஸ்65 வி8 எஞ்சினில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்வது பேர்போன பிரச்சினை. சத்தம் வருமுன்பே மாற்றிவிடும் உரிமையாளர்கள் உண்டு. ஸ்கேனர் மூலம் ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பாருங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ அதன் ராடு பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டேப்பெட் என்றால் மாற்றமே இருக்காது. பிறகு ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுக்குத் துகள் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டுகிற துகள் என்றால் கேம், டேப்பெட் பக்கம் சந்தேகத்தைத் திருப்பலாம்.

கெட்டி ஆயில் ஊற்றும் வைத்தியத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. 0டபிள்யூ-20 என்ற இளகிய ஆயில் கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றினால் பேரிங் சத்தம் கொஞ்ச நாள் அமுங்கும், தேய்மானம் அமுங்காது. ஹைட்ராலிக் டேப்பெட்டுக்கோ குளிரில் ஆயில் போய்ச் சேர இன்னும் நேரமாகும். அழுக்கடைந்த டேப்பெட்டுக்குச் சேர்மானத் திரவம் சில சமயம் உதவும். சரியான கிரேடு ஆயிலைக் குறுகிய இடைவெளியில் இரண்டு முறை மாற்றுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பேரிங்தான் என்று உறுதியானால், ஆழியாறிலிருந்து கோவை வரை மெதுவாக உருட்டிவந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிராங்க் ஷாஃப்டில் கோடு விழுந்திருந்தால் அதைக் கிரைண்டிங் செய்யக் கோவையில் பட்டறைகள் உண்டு. ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துவிட்டால், லாரியில் ஏற்றிவரும் கூலி புது எஞ்சின் விலைக்குமுன் கால் தூசு.